லூசியானாவுக்குப் போன சாண்ட் பிஸ்கட்

ருவைஸ், அபுதாபி,
14 ஜனவரி 2024

ஆத்தா அகிலா,

போனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. நேற்று நீ "வச்சிடுறேன்ப்பா" என்று வைத்ததும், மேல்கட்டிலில் படுத்திருந்த முனியசாமி, "என்னண்ணே, அமெரிக்கா கட்டாயிருச்சா?" என்று கேட்டான். மானம் போயிற்று. அதனால் இனிமேல் கடிதம். தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் பாஸான கையெழுத்து, பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வில்பர் யார்?

யார் என்று நீ சொல்லிவிட்டாய், தெரியும். உன் காலேஜ் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கடல் நடுவே எண்ணெய் எடுக்கிற மேடையில் இருபத்தாறு வருடம் சமைத்தவர். வயது ஐம்பத்தெட்டு. அமெரிக்கக்காரர்களின் பேச்சுச் சொல், பட்டப்பெயர், சாப்பாட்டுப் பெயர் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று நீ ஆராய்ச்சி செய்கிறாய், அவர் வியாழக்கிழமைதோறும் உட்கார்ந்து சொல்கிறார். இதுவரை சரி. ஆனால் நேற்றைய இருபது நிமிடத்தில் அவர் பெயரைப் பதினான்கு தடவை சொன்னாய். விரல் போதாமல் கட்டில் கம்பியையும் சேர்த்து எண்ணினேன். உன் அம்மா பெயர் ஒரு தடவை வந்தது. என் சர்க்கரை எவ்வளவு என்று நீ கேட்கவே இல்லை.

"அப்ப அந்தாளையே அப்பான்னு கூப்பிட்டுக்க" என்று நான் சொன்னது தப்பு. தப்பு என்று தெரிந்தேதான் சொன்னேன். நானும் அடுப்படி ஆள்தான் அகிலா. இந்த மெஸ்ஸில் தினமும் அறுநூறு பேருக்குச் சோறு என் கவுண்டர் வழியாகப் போகிறது. என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கிறாயா?

அப்பா,
உடையப்பன்


லஃபாயெட், லூசியானா,
17 ஜனவரி 2024

அப்பா,

உங்கள் கடிதத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். சர்க்கரை எவ்வளவு? கேட்டுவிட்டேன்.

சொல்லும் கேட்டிருக்கிறேன். நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் கேட்டேன். "அங்க என்னப்பா செய்வீங்க, கூட யாரு இருப்பாங்க?" என்பேன். "அது கெடக்கு, வேலதான்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள். அதற்குள் எத்தனை தடவைதான் கேட்பது? விட்டுவிட்டேன். மிஸ்டர் வில்பரிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு மணி நேரம் பதில் வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் முதன்முதலில் சொன்ன சொல் லானியாப். கடைக்காரர் கேட்ட அளவுக்கு மேல் கொஞ்சம் அள்ளிப் போடுவாரே, அது. தென் அமெரிக்காவின் பழங்குடி மொழி ஒன்றில் பிறந்து, ஸ்பானியர் வாயில் ஏறி, பிரெஞ்சுக்காரர் எழுத்தில் மாறி இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் கடையில் விற்கும் நீள ரொட்டிக்கு போ பாய் என்று பெயர். ஏழைப் பயல் என்று அர்த்தம். கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன் வேலைநிறுத்தம் செய்த ட்ராம் தொழிலாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த ரொட்டி என்பது இங்கே எல்லோரும் சொல்கிற கதை.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கார்டு எழுதுவேன். சொல், பொருள், அது பிறந்த கதை, கதை சொன்னவரின் பெயர், வயது, ஊர், தொழில். எங்கள் பேராசிரியர் சொல்வது இது: கதை தப்பாக இருக்கலாம், பரவாயில்லை. ஆனால் சொன்னவர் அதை நிஜமாகவே எங்கேயோ கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் மெஸ்ஸிலும் அமெரிக்கர்கள் சாப்பிடுவார்களே?

அகிலா


ருவைஸ்,
28 ஜனவரி 2024

ஆத்தா,

சர்க்கரை நூற்றுத் தொண்ணூறு. வில்பருக்கு எவ்வளவு என்று விசாரித்து எழுது.

லானியாப்பாம்! கீரைக்காரி போடுகிற கொசுறு. அதற்கு மூன்று தேசம் சுற்றி வந்த கதை, ஒரு கார்டு. உன் அம்மா தினமும் வாசலில் நின்று சண்டை போட்டு வாங்கியதற்கு யாரும் கார்டு எழுதவில்லை.

இப்போது இங்கே ஷட்டவுன். எண்ணெய் பிளான்ட்டை நிறுத்திப் பராமரிப்பு வேலை நடக்கிறது. அதற்கு இன்ஸ்பெக்டராக வந்திருக்கிறார் மிஸ்டர் டுவைட். ஊர் இந்தியானா. அமெரிக்கர்களுக்குத் தனி ஹால் உண்டு, ஆனால் அவர் சாம்பார் ஊற்றிக்கொள்ள என் கவுண்டருக்கு வருவார். என் இங்கிலீஷில் கேட்டேன்: "சார், யுவர் வில்லேஜ் பீப்பிள் நேம்?" மனிதர் சிரித்துவிட்டார். அவர் மாநிலத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஹூஸியர் என்று பட்டப்பெயராம். ஏன் என்று கேட்டேன். "நாலு கதை இருக்கு உடை, நாலுமே புளுகு, ஒருத்தனுக்கும் தெரியாது" என்றார். (என் பெயர் அவர் வாயில் உடை. சட்டை மாதிரி.)

இன்னும் இரண்டு சொன்னார். எண்ணெய்க் கிணற்றில் புதிதாக வேலைக்குச் சேருகிறவன் வோர்ம், அதாவது புழு. மேடையில் ஆட்கள் ஒதுங்கி நிற்கிற தகர அறைக்குப் பெயர் டாக்ஹவுஸ், அதாவது நாய்க்கூண்டு. நாய் இருக்காது, ஃபோர்மன் இருப்பார்.

எங்கள் ரூமிலும் பட்டப்பெயர் உண்டு. இரண்டு முனியசாமி. ஏசிக்கு நேர் கீழே படுக்கிறவன் ஏசி முனி. மற்றவன் வேர்வை முனி. இதற்கெல்லாம் கார்டு கிடையாதாக்கும்.

வில்பரிடம் மொத்தம் எத்தனை கார்டு?

அப்பா


லஃபாயெட்,
2 பிப்ரவரி 2024

அப்பா! மூன்றையும் கார்டு போட்டாயிற்று. "தகவல் தந்தவர்: உடையப்பன், 56, மெஸ் மேற்பார்வையாளர், ருவைஸ். யாரிடம் கேட்டது: டுவைட், இந்தியானா." பேராசிரியர் வாசித்துவிட்டு, "உன் அப்பாவுக்குக் காது நல்லா இருக்கு" என்றார்.

மிஸ்டர் வில்பர் நாற்பத்தொன்று. நீங்கள் மூன்று. இது போட்டி இல்லை அப்பா.

அவரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். "அறுநூறு பேருக்கா? எனக்கு எண்பது பேருக்கே நாக்குத் தள்ளிடும்" என்றார். இந்த ஊரில் பட்டப்பெயர் இல்லாதவர் கிடையாது. பேப்பரில் இரங்கல் செய்தி போட்டால்கூட மேற்கோள் குறிக்குள் பட்டப்பெயரும் வரும். அவருக்கு டீ-வில். அந்த "டீ" பிரெஞ்சில் சின்ன என்று பொருள்படும் சொல்லின் மிச்சம். அப்பா பெயரும் வில்பர், அதனால் இவர் சின்ன வில்பர். ஆள் நூற்றுப் பத்துக் கிலோ.

எனக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார். எப்போதும் கார்டும் கையுமாக வருகிறேனாம், அதனால் கார்ட்ஸ். இப்போது கடையில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அகிலா


ருவைஸ்,
11 பிப்ரவரி 2024

ஆத்தா,

உனக்கு அகிலா என்று பெயர் வைத்தது நான். அன்றைக்கு நான் ஊரில் இல்லை, போனில்தான் சொன்னேன், லைன் இரண்டு தடவை அறுந்தது. இருந்தாலும் வைத்தது நான். கார்ட்ஸாம். சீட்டாடுகிறவன் பெயர் மாதிரி இருக்கிறது. நல்ல பெயர்தான். எனக்கு ஒன்றும் இல்லை.

நாற்பத்தொன்றுக்கு மூன்று என்பதையும் நான் யோசிக்கவில்லை. யோசிக்காமலேயே ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை.

அது கிடக்கட்டும். டுவைட் ஒரு பெரிய சமாச்சாரம் சொன்னார். நாங்கள் பருப்பில் தொட்டுச் சாப்பிடும் குப்பூஸ் என்கிற அரபு ரொட்டி இருக்கிறதே, அதைக் காட்டி, "சாண்ட் பிஸ்கட்" என்றார். மணல் பிஸ்கட். அவருடைய பெரியப்பா அந்தக் காலத்தில் சவூதிப் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தவராம். காற்றில் மணல் பறந்து ரொட்டியில் ஒட்டிக்கொள்ளும், கடித்தால் நறநறவென்று இருக்கும். அமெரிக்கர்கள் அதற்கு வைத்த பெயர் சாண்ட் பிஸ்கட். அவர்கள் ஊர் திரும்பியபோது பெயரும் கூடவே கப்பலேறிப் போய், டெக்சஸ் எண்ணெய் கேம்ப்களில் இன்றைக்கும் மெல்லிய ரொட்டிக்கு அந்தப் பெயர்தானாம். பெரியப்பா கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கேட்டதும் அதைத்தானாம்.

இது எத்தனை கார்டுக்குச் சமம்?

அப்பா


லஃபாயெட்,
16 பிப்ரவரி 2024

அப்பா, அப்பா, அப்பா,

பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அமெரிக்கச் சொல் வளைகுடாவுக்குப் போன கதை நிறைய உண்டு. வளைகுடாவில் பிறந்த சொல் அமெரிக்காவுக்குப் போய்த் தங்கிய கதை அவர் கேட்டதே இல்லையாம். மார்ச் 22 அன்று ஒரு கருத்தரங்கு. எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். சாண்ட் பிஸ்கட்டை வைத்துத்தான் தொடங்கப் போகிறேன். திரையில் உங்கள் பெயர் வரும்.

ஒரே ஒரு உதவி. மிஸ்டர் டுவைட் இதைச் சொல்வதை இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவருடைய ஈமெயில் போதும்.

வியாழக்கிழமை மிஸ்டர் வில்பரைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் போய்விட்டது. எல்லாம் உங்களால்தான்!

அகிலா


ருவைஸ்,
25 பிப்ரவரி 2024

ஆத்தா,

ஷட்டவுன் முடிந்தது. டுவைட் ஊருக்குப் போய்விட்டார். ஈமெயில் கேட்கலாம் என்று இருந்தேன், அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஒரு நம்பர் கொடுத்திருந்தார், அது இங்கத்து சிம், இப்போது எடுக்காது. அவர் கதை சொன்னது ஏசி முனியின் காதிலும் விழுந்தது என்று நினைக்கிறேன், ஆனால் அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது.

சாண்ட் பிஸ்கட் இல்லாமல் வேறு எதையாவது வைத்துத் தொடங்கினால் என்ன? புழு நன்றாகத்தானே இருந்தது? என் பெயரைப் பெரிதாகப் போட வேண்டாம். போடவே வேண்டாம் என்றாலும் சரி.

சர்க்கரை இருநூற்றுப் பத்து.

அப்பா


லஃபாயெட்,
8 மார்ச் 2024

அப்பா,

இனிமேல் மிஸ்டர் வில்பர் கடைக்குப் போகப் போவதில்லை.

மூன்று வாரம் கழித்து நேற்றுத்தான் போனேன். சாண்ட் பிஸ்கட் கதையைச் சொன்னேன். சிரித்தார். "இருபத்தாறு வருஷம் டெக்சஸ்காரனுக்கு ரொட்டி போட்டவன் நான், கார்ட்ஸ். அப்படி ஒரு சொல் இல்ல. உங்கப்பா அடிச்சு விடுறாரு. அதுலயும் அந்த ஆஸ்பத்திரி இருக்கு பாரு, நல்ல கைவேலை" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் அப்பா என்னிடம் அதிகம் பேச மாட்டார், ஆனால் பொய் சொல்ல மாட்டார் என்றேன். "உங்களை மாதிரி கடைக்கு ஆள் வர வேண்டும் என்று கதை விடுகிறவர் இல்லை" என்றும் அவரிடம் சொல்லிவிட்டேன். கடையில் எல்லோரும் பார்த்தார்கள். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது சாட்சி இல்லாமலே பேச பேராசிரியர் ஒத்துக்கொண்டார். தகவல் தந்தவர் என் அப்பா, அவருக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அகிலா


ருவைஸ்,
13 மார்ச் 2024

அகிலா,

இதை நின்றுகொண்டு எழுதுகிறேன். நோன்பு தொடங்கி மெஸ் நேரம் எல்லாம் மாறிவிட்டது.

சாண்ட் பிஸ்கட் என்று ஒன்று இல்லை. டுவைட் சொல்லவில்லை. அவருக்குப் பெரியப்பா இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. வில்பரிடம் நாற்பத்தொன்று இருந்தது. டுவைட்டிடம் மறுபடி கேட்டேன், அவர் டென்ஷனில் இருந்தார், "உடை, நாட் டுடே" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மத்தியானம் குப்பூஸ் அடுக்கும்போது இது தானாக வந்தது. ஆஸ்பத்திரியை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு தூரம் போய்விட்டேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. மகள் எனக்காக அந்த ஆளிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்! ஏசி முனிக்குக் கரக் டீ வாங்கிக் கொடுத்தேன். "என்ன விசேஷம்ண்ணே?" என்றான். "ஒரு ஆளக் காலி பண்ணிட்டேன்டா" என்றேன்.

நேற்று நோன்பு திறக்கிற நேரத்தில் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாகிஸ்தான் பட்டாணி பாய் தினமும் வருவார், நேற்று வரவில்லை. அவர் தட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். மறுபடி பார்த்தேன். கதவைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. வியாழக்கிழமை அந்த மனிதரும் ஒரு ரொட்டியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கவுண்டர்க்காரன் புத்தி எந்த தேசத்திலும் ஒன்றுதான். அவர் உன்னிடம் உண்மையைச் சொன்னார். நான் சொல்லவில்லை.

மேடையில் அதைப் பேசாதே. நீ எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடு. ஹூஸியர், புழு, நாய்க்கூண்டு மூன்றும் சத்தியமாக நிஜம். ஆனால் நான் சொல்லி நீ நம்ப வேண்டும் என்று கேட்க இப்போது எனக்கு வாயில்லை.

அப்பா


லஃபாயெட்,
24 மார்ச் 2024

அப்பா,

உங்களுக்கு எழுதப் பதினொரு நாள் ஆயிற்று. அதில் ஒன்பது நாள் கோபம்.

பேராசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதினைந்து நிமிடம் ஏழு நிமிடமாகக் குறைந்தது. சாண்ட் பிஸ்கட் படத்தை எடுத்துவிட்டு, போ பாய் படத்தை வைத்துப் பேசினேன். முன்வரிசையில் இரண்டு பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாட்சி ஒரு கார்டில் கட்டிச் சொன்னால், அவர் கார்டு அத்தனையிலும் பெயரை அடிக்க வேண்டும். உங்கள் பெயரை நான்கு கார்டிலும் அடித்தேன். பேனா மையில். என் கையால்.

நேற்று மிஸ்டர் வில்பரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். உங்கள் கடிதத்தை இங்கிலீஷில் சொன்னேன். ஓரமாக வைத்த தட்டு பற்றிய வரி வந்ததும் எழுந்து போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "அது பொய்யின்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நினைக்கிற? என்னோடதுலயும் மூணு அப்படித்தான். டிசம்பர்லயே எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீர்ந்துபோச்சு. தீர்ந்துடுச்சுன்னு சொன்னா நீ வர்றத நிறுத்திடுவியே."

எந்த மூன்று என்று கேட்டேன். சொன்னார். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக்கு வந்து நாற்பத்தொரு கார்டிலும் அவர் பெயரை அடித்தேன். முப்பத்தெட்டுக்கு வேறு சாட்சி இருப்பதால் சொற்கள் தப்பித்தன. ஆராய்ச்சி ஆறு மாதம் பின்னால் போய்விட்டது.

நீங்கள் பூஜ்யம், அவரும் பூஜ்யம். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. சர்க்கரை எவ்வளவு?

அகிலா


ருவைஸ்,
30 மார்ச் 2024

ஆத்தா,

நூற்று எழுபது. கோபம் இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு உனக்கு உரிமை உண்டு.

இந்தத் தடவை உனக்கு எழுத ஒன்றும் இல்லை. கீழே இருப்பது வில்பருக்கு. வியாழக்கிழமை கார்டு எதுவும் எடுத்துக்கொள்ளாமல் போய், அவருக்கு இங்கிலீஷில் படித்துக் காட்டு. நல்ல இங்கிலீஷில். என் இங்கிலீஷில் வேண்டாம்.

வில்பர் அவர்களுக்கு,

நான் அகிலாவின் அப்பா. உங்களைக் கடைக்கு ஆள் பிடிக்கக் கதை விடுகிறவர் என்று அவள் சொன்னது என்னால். மன்னிக்கவும். இரண்டு மாதமாக உங்கள் மேல் எனக்குப் பொறாமை. மூன்று பொய் என்று கேட்டதும் குறையும் என்று பார்த்தேன், கூடிவிட்டது. நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், அதுவும் ஒரு மாதத்தில் நாறிவிட்டது. நீங்கள் மூன்றைச் சொல்லிக் கிறிஸ்துமஸைத் தாண்டி ஓட்டியிருக்கிறீர்கள். தொழில் தெரிந்தவர்.

அவள் காலையில் சாப்பிட மாட்டாள். சாப்பிட்டேன் என்று சொல்வாள். ரொட்டியைப் பாதியில் வைத்தால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம், கட்டிக் கொடுத்துவிடுங்கள், வழியில் தின்றுவிடுவாள். இது அவள் அம்மா சொல்லி எனக்குத் தெரிந்தது. நேரில் பார்த்து எனக்குத் தெரிந்தது குறைவு. நீங்கள் பார்க்கிறீர்கள். அதுதான் என் பொறாமை, வேறு ஒன்றும் இல்லை.

இனி உங்களிடம் கேட்க அவளுக்குச் சொல் இல்லை. ஆனாலும் வருவாள் என்று நினைக்கிறேன். ஏதாவது ஒரு வியாழக்கிழமை வராவிட்டால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். இங்கிருந்து சண்டை போட்டு அனுப்பி வைக்கிறேன்.

உடையப்பன்